வேலூர் 632001: ஓர் ஆறிலக்க எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி

பெரிய எண்களின் குணங்களைக் கையால் ஆராய விரும்புகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: பேர்போன எண்ணில் தொடங்காதீர்கள். 1729, 6174 போன்றவற்றைப் பற்றி எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. படித்துத் தலையாட்டுவதோடு வேலை முடிந்துவிடும். உங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை, அதாவது பின்கோடை எடுங்கள். ஆறு இலக்கம். மனக்கணக்குக்குப் பெரியது, காகிதத்துக்கு அடங்கியது. தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை.

பின்கோடு முறை நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆனால் 632 என்ற தொடக்கம் அப்படியே நிற்கிறது. வேலூர் தலைமை அஞ்சலகம் 632001, காட்பாடி 632007, ராணிப்பேட்டை 632401, ஆற்காடு 632503, வாலாஜாபேட்டை 632513. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணிக்கும் 632301தான். ஒரே தொடக்கம் உள்ள இத்தனை எண்கள் கைவசம் இருப்பது நமக்கு வசதி. முதல் மூன்று இலக்கம் மாறாமல் இருக்கும்போது கடைசி மூன்று இலக்கம் எண்ணின் குணத்தை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

தேவையானவை: கோடு போட்ட நோட்டு, பேனா, சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டர், 1000க்குக் கீழ் உள்ள பகா எண்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் 168 எண்கள் இருக்கும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். 168 வரவில்லையென்றால் எங்கோ ஒன்று விடுபட்டிருக்கிறது, அல்லது 91, 119, 221 போன்ற பகு எண் ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது.

வகுக்கும் முன் எண்ணைப் பாருங்கள்

கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் மூன்று பார்வை பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அரை மணி நேரம் வீணாக வகுத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் பார்வை கடைசி இலக்கத்தில். 632001 முடிவது 1இல். எனவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது.

இரண்டாவது, இலக்கங்களின் கூட்டல். 6+3+2+0+0+1 = 12. 12 என்பது 3இன் மடங்கு, 9இன் மடங்கு அல்ல. ஆகவே 632001இல் 3 ஒரே ஒருமுறைதான் இருக்கிறது. காட்பாடியின் 632007க்குக் கூட்டல் 18. அதில் 3 குறைந்தது இருமுறை உண்டு. இந்த வேறுபாட்டை நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் வர்க்க முறையில் இது பெரிய உதவி செய்யும்.

மூன்றாவது பார்வை பலருக்குத் தெரியாதது, ஆனால் மிகப் பயனுள்ளது. ஆறிலக்க எண்ணை மும்மூன்று இலக்கமாக இரண்டாக வெட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 632001க்கு 632 − 001 = 631. இந்த 631 ஏழால் வகுபட்டால் முழு எண்ணும் ஏழால் வகுபடும். 11க்கும் 13க்கும் இதே விதி. காரணம், 7 × 11 × 13 = 1001. 632001 என்பதை 632 × 1001 − 631 என்று எழுதலாம். முதல் பகுதி இந்த மூன்று எண்களாலும் நிச்சயம் வகுபடும் என்பதால், மிச்சமுள்ள 631 மட்டும்தான் விடையைத் தீர்மானிக்கிறது. 631ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 7. மூன்றுமே இல்லை. ஒரு கழித்தலில் மூன்று பகா எண்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ராணிப்பேட்டையில் இதே முறை அள்ளிக் கொடுக்கிறது. 632 − 401 = 231 = 3 × 7 × 11. எனவே 632401 என்பது 7ஆலும் 11ஆலும் வகுபடும்: 632401 = 77 × 8213. பட்டியலை வைத்து 8213ஐ வகுத்துக்கொண்டே போனால் 43இல் பிடிபடும்: 43 × 191. ராணிப்பேட்டையின் முழு விவரம் 7 × 11 × 43 × 191.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. 231இல் 3 இருக்கிறதே என்று 632401ஐயும் 3ஆல் வகுக்கப் பார்ப்பார்கள். இலக்கக் கூட்டல் 16, வகுபடாது. வாலாஜாபேட்டையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 632 − 513 = 119 = 7 × 17. 632513 ஏழால் வகுபடும், ஈவு 90359. ஆனால் 17ஆல் வகுபடாது. இந்தக் கழித்தல் 1001இன் காரணிகளான 7, 11, 13க்கு மட்டுமே சாட்சி சொல்லும். 17க்கும் 1001க்கும் தொடர்பே இல்லை.

மும்மூன்று இலக்கமாக வெட்டியதைக் கழிக்காமல் கூட்டினால் 37க்கு விடை கிடைக்கும், ஏனென்றால் 999 = 27 × 37. 632 + 001 = 633; 37 × 17 = 629, மீதி 4. ஆகவே 37உம் இல்லை.

வரிசையாக வகுத்தல்

3ஐ வெளியே எடுத்தால் மிச்சம் 210667. இனி இதை மட்டும் பார்த்தால் போதும்.

எதுவரை வகுக்க வேண்டும்? ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், இரண்டில் ஒன்று வர்க்கமூலத்தைத் தாண்டாது. 459² = 210681, இது 210667ஐவிடச் சற்றே பெரிது. ஆகவே 458 வரையுள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 3ஐ எடுக்காமல் 632001ஐயே வைத்துக்கொண்டிருந்தால் எல்லை 794 ஆகியிருக்கும். ஒவ்வொரு காரணி கிடைத்தவுடனும் எல்லையைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய எல்லையிலேயே ஓடிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

கால்குலேட்டரில் மீதி காண்பது இப்படி. 210667 ÷ 17 = 12392.176… முழு எண் பகுதியான 12392ஐக் கழியுங்கள். மிஞ்சும் 0.176…ஐ 17ஆல் பெருக்குங்கள். 2.9999 என்று வந்தால் மீதி 3 என்று கொள்ளவும். தசமப் பகுதியை மட்டும் பார்த்து “கிட்டத்தட்ட முழு எண்தான்” என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய எண்ணால் வகுக்கும்போது 0.99 என்று வருவது சாதாரணம். 251 போன்ற எண்ணால் வகுத்து மீதி 250 இருந்தால் தசமம் 0.996 என்றுதான் காட்டும். சந்தேகம் வந்தால் ஈவை வகுத்த எண்ணால் திரும்பப் பெருக்கிப் பாருங்கள்.

17, 19, 23 என்று போய்க்கொண்டே இருந்தால் 293இல் மீதி பூச்சியம்: 210667 = 293 × 719. 719இன் வர்க்கமூலம் 27க்குள். 23 வரை எதுவும் அதை வகுக்காது என்பதால் 719 பகா எண். 293க்கும் 17 வரை சோதித்தால் போதும், அதுவும் பகா எண்.

632001 = 3 × 293 × 719

17இல் தொடங்கி 293 வரை 56 பகா எண்கள் இருக்கின்றன. 37ஐ முன்பே தள்ளிவிட்டதால் 55 வகுத்தல். பொறுமை உள்ளவருக்கு ஒரு மணி நேர வேலை. இதே விடை இரண்டே முயற்சியில் கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி அதுதான்.

வர்க்க வித்தியாச முறை

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய வழி. ஓர் ஒற்றைப்படை எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அந்த இரண்டின் சராசரியின் வர்க்கத்திலிருந்து அவற்றின் வித்தியாசத்தில் பாதியின் வர்க்கத்தைக் கழித்தால் அதே எண் வரும். 7 × 13 = 91; சராசரி 10, வித்தியாசத்தில் பாதி 3; 100 − 9 = 91. இதைத் தலைகீழாகப் போட்டால் காரணி காணும் முறை ஆகிவிடும். எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

632001க்கு நேரடியாகச் செய்வோம், 3ஐ எடுக்காமல். 795² = 632025. அங்கிருந்து தொடங்கலாம்.

795² − 632001 = 24, வர்க்கம் அல்ல.
796² − 632001 = 1615, அல்ல.
797² − 632001 = 3208, அல்ல.
798² − 632001 = 4803, அல்ல.
799² − 632001 = 6400 = 80².

கிடைத்துவிட்டது. 632001 = 799² − 80² = (799 − 80) × (799 + 80) = 719 × 879. 879இன் இலக்கக் கூட்டல் 24 என்பதால் அது 3 × 293. ஐந்து முயற்சி, முழு எண்ணும் பிரிந்துவிட்டது.

ஐந்தையும் குறைக்கலாம். எந்த எண்ணின் வர்க்கத்தையும் 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. 632001ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே பெரிய வர்க்கம் மீதி 1 உடையதாகவும் சிறிய வர்க்கம் மீதி 0 உடையதாகவும் இருந்தே தீர வேண்டும். அதாவது நாம் முயல வேண்டியவை ஒற்றைப்படை எண்கள் மட்டுமே. 796, 798 இரண்டும் போயின. அடுத்து 3. நம் எண்ணில் 3 ஒரே ஒருமுறைதான் இருக்கிறது என்று முன்பே குறித்துவைத்தோம். பெரிய எண் 3இன் மடங்காக இருந்தால் சிறியதும் 3இன் மடங்காக இருக்க வேண்டும். அப்படியானால் வித்தியாசம் 9ஆல் வகுபட்டுவிடும், இது வகுபடாது. எனவே 3இன் மடங்குகளையும் நீக்கலாம். 795 போயிற்று. மிஞ்சியவை 797, 799. இரண்டே முயற்சி.

இப்போது 3ஐ முதலில் எடுத்துவிட்டு, 210667க்கு இதே முறையைப் போட்டால் என்ன ஆகும்? தொடக்கம் 459, விடை 506² − 213², அதாவது 48ஆவது எண். எதையும் சலித்து நீக்காமல் போனால் 48 முயற்சி. காரணம் தெளிவானது. 719உம் 879உம் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. 293உம் 719உம் தொலைவில் இருக்கின்றன. இந்த முறை அருகருகே உள்ள காரணிகளை விரைவில் பிடிக்கும், தள்ளி நிற்பவற்றைத் தாமதமாகத்தான் பிடிக்கும். சிறிய காரணியை முதலில் வெளியே எடுப்பது எப்போதும் நல்லது என்று பள்ளியில் பழகியிருக்கிறோம். வரிசை வகுத்தலுக்கு அது சரி. இந்த முறைக்கு அது பொருந்தாது. எடுப்பதற்கு முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை என இரண்டையும் பத்துப் பத்து முயற்சி செய்து பார்ப்பதே நல்ல பழக்கம்.

ஆனாலும் வேண்டாத எண்களைச் சலித்து நீக்குவது 210667க்கும் வேலை செய்கிறது என்பதைக் காட்டாமல் நகர முடியாது. 210667ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. எனவே முயல வேண்டியவை இரட்டைப்படை எண்கள். 3ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 3இன் மடங்குகள் வேண்டாம். இனிக் கடைசி இலக்கம். வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில் மட்டுமே முடியும். 7இல் முடியும் எண்ணைக் கழித்த பிறகும் இவற்றில் ஒன்றில் முடிய வேண்டுமானால், பெரிய வர்க்கம் 1இலோ 6இலோ முடிய வேண்டும். இரட்டைப்படை என்பதால் 6 மட்டும். ஆகவே முயலும் எண் 4இலோ 6இலோ முடியும். மூன்று சல்லடையிலும் தப்பியவை 464, 466, 476, 484, 494, 496, 506. நாற்பத்தெட்டு ஏழாகிவிட்டது. ஏழாவதில் 256036 − 210667 = 45369 = 213².

496இல் கவனம் வேண்டும். 496² − 210667 = 35349; 188² = 35344. ஐந்துதான் வித்தியாசம். வர்க்கமூலத்தைக் கால்குலேட்டர் 188.01 என்று காட்டும்போது “188தான்” என்று எழுதிவிடக் கூடாது. கண்டுபிடித்த மூலத்தைத் திரும்ப வர்க்கப்படுத்தி, இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட்ட பிறகுதான் கோடு போட வேண்டும்.

இந்த முறை தோற்கும் இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். 4ஆல் வகுத்து மீதி 2 வரும் எண்ணை, உதாரணமாக 632014ஐ, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. முதலில் 2ஐ வெளியே எடுக்க வேண்டும். பகா எண்ணிடம் இந்த முறையைக் காட்டினால் முடிவே இல்லாததுபோல் நீளும். காட்பாடியின் 632007ஐ எடுங்கள். 9ஐ எடுத்தால் மிச்சம் 70223. அது 265²க்கு இரண்டு மட்டும் குறைவு. பார்த்தவுடன் வர்க்க முறைக்கு ஏற்றது என்று தோன்றும். உண்மையில் 70223 பகா எண். வர்க்க முறையில் அதற்கு ஒரே விடை 35112² − 35111². எதையும் சலித்து நீக்காமல் போனால் அங்கே போய்ச் சேர 34848 முயற்சி. பகா எண் என்று நிரூபிக்க வரிசை வகுத்தலே வழி, 263 வரை. அதிலும் ஒரு சலுகை உண்டு. ஒரு வர்க்கத்துக்கு 2 குறைவான ஒற்றைப்படை எண்ணை வகுக்கக்கூடிய பகா எண்கள், 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருபவை மட்டுமே. ஏறக்குறையப் பாதிப் பட்டியலை அடித்துவிடலாம்.

சரிபார்த்தல்

பிரித்து முடித்ததும் பெருக்கிப் பார்ப்பது முதல் கடமை. பெருக்குவதற்கு முன்பே தவறைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு சோதனைகள் உள்ளன.

ஒன்பதால் சோதனை: ஒவ்வொரு காரணியின் இலக்கங்களையும் ஓரிலக்கம் வரும்வரை கூட்டுங்கள். 3 → 3. 293 → 14 → 5. 719 → 17 → 8. 3 × 5 × 8 = 120 → 3. 632001 → 12 → 3. பொருந்துகிறது. ஆனால் 293ஐத் தவறுதலாக 239 என்று எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை “சரி” என்றே சொல்லும், ஏனென்றால் இடம் மாறினாலும் கூட்டல் மாறாது. அருகருகே உள்ள இலக்கங்கள் இடம் மாறுவது கையால் எழுதும்போது மிகச் சாதாரணமாக நேரும் பிழை.

அதற்குத்தான் பதினொன்றால் சோதனை. வலக்கோடியிலிருந்து கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். 293: 3 − 9 + 2 = −4, 11ஐக் கூட்டினால் 7. 719: 9 − 1 + 7 = 15, 11ஐக் கழித்தால் 4. 3 × 7 × 4 = 84, 11ஆல் வகுத்தால் மீதி 7. 632001: 1 − 0 + 0 − 2 + 3 − 6 = −4, அதுவும் 7. பொருந்துகிறது. 239 என்று எழுதியிருந்தால் 3 × 8 × 4 = 96, மீதி 8; உடனே அகப்பட்டிருக்கும். இரண்டு சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

காரணிகள் கையில் வந்த பிறகு

மூன்று வெவ்வேறு பகா எண்கள் என்பதால் மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 = 8: 1, 3, 293, 719, 879, 2157, 210667, 632001. தன்னைத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால் 214719. எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறைவெண் வகை. இந்த அளவுள்ள எண்ணுக்கு எட்டுக் காரணி என்பது மிகச் சிக்கனம். ராமானுஜன் 1915இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஆராய்ந்த மிகுபகு எண்களில் (தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்டவை) ஒன்றான 554400க்கு, 632001ஐவிடச் சிறியதாக இருந்தும், 216 காரணிகள் உண்டு.

எட்டுக் காரணிகள் நான்கு சோடி ஆகின்றன. ஆகவே 632001ஐ இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதச் சரியாக நான்கு வழிகள். 799² − 80² பார்த்துவிட்டோம். 293, 2157 சோடி 1225² − 932² தருகிறது. இதில் 1225 தனிச் சிறப்புள்ளது: 35இன் வர்க்கம், அதே சமயம் 1 முதல் 49 வரையான எண்களின் கூட்டல். 3, 210667 சோடிக்கு 105335² − 105332²; இதன் வர்க்கங்கள் பதினொரு இலக்கம் என்பதால் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் பிழை காட்டும், காகிதத்தில் செய்யுங்கள். நான்காவது 316001² − 316000².

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுதுவது புதியவர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி. ஒற்றைப்படைக் காரணி ஒன்றை எடுத்து, அத்தனை எண்களை அதன் சோடிக் காரணியைச் சுற்றி வரிசையாக நிறுத்தினால் போதும். 293 எண்கள், நடுவில் 2157: இருபுறமும் 146 வீதம் வைத்தால் 2011 + 2012 + … + 2303 = 632001. 719 எண்கள், நடுவில் 879: 520 முதல் 1238 வரை. 879 எண்கள், நடுவில் 719: 280 முதல் 1158 வரை. 2157 எண்களை 293ஐச் சுற்றி வைத்தால் வரிசை குறை எண்களுக்குள் இறங்கிவிடும், −785 முதல் 1371 வரை. பயப்பட வேண்டாம். −785 முதல் 785 வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவது 786 முதல் 1371 வரையான 586 எண்கள். எண்ணைத் தனியாக வைப்பதையும் சேர்த்தால் மொத்தம் எட்டு வழிகள், காரணிகளின் எண்ணிக்கையே.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக 632001ஐ எழுத முடியாது. 4ஆல் வகுத்து மீதி 3 தரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்தால்தான் அது முடியும். இங்கே 3உம் 719உம் ஒவ்வொருமுறை வந்து தடுக்கின்றன. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 794² + 38² + 11². தேடும் வழி எளிது. வர்க்கமூலத்துக்குக் கீழே உள்ள 794இன் வர்க்கத்தைக் கழித்தால் 1565. அது 5 × 313, இரண்டுமே 4ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, எனவே இரண்டு வர்க்கங்களாக உடையும் என்பது தேடும் முன்பே உறுதி.

1ஐ 632001ஆல் வகுத்தால் வரும் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும்? முழு எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், பகாக் காரணிகளிடம் தனித்தனியே கேளுங்கள். 3க்கு 1 இலக்கம், 293க்கு 146, 719க்கு 359. மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 146 × 359 = 52414. அத்தனை இலக்கம் எழுதிய பிறகுதான் வரிசை முதலிலிருந்து தொடங்கும்.

இலக்கங்களோடு விளையாட்டு

தசமம் திரும்பும் நீளத்தைத் தவிர, காரணிகள் கிடைத்த பிறகு பார்த்தவை எல்லாம் எண்ணின் சொந்தக் குணங்கள்; எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை. இனி வருபவை பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வரும் வேடிக்கைகள். இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள்.

எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கள்: 632001 + 100236 = 732237. ஒரே கூட்டலில் விகடகவி எண். எந்த இடத்திலும் கூட்டல் 9ஐத் தாண்டவில்லை, எனவே மீந்த இலக்கம் அடுத்த இடத்துக்குப் போகவில்லை, அதுதான் காரணம். ஆறிலக்க விகடகவி எண் எதுவானாலும் 11ஆல் வகுபடும்: 732237 = 11 × 66567.

தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கரின் கழித்தலையும் செய்து பார்க்க வேண்டும். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். நான்கு இலக்கத்தில், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால், 6174இல் போய் நிற்கும். ஆறு இலக்கத்தில் அப்படி ஒரே முடிவு இல்லை. 632100 − 001236 = 630864. அடுத்து 831762, 752643, 530865, 829962, 771723, 653544, 310887, 873522, 651744, 620874. பன்னிரண்டாவது படியில் 851742. அங்கிருந்து 750843, 840852, 860832, 862632, 642654, 420876 என்று போய் மறுபடி 851742. ஏழு எண்களின் சுழல். அதிலிருந்து வெளியே வரவே வராது. சுழலாமல் அப்படியே நிற்கும் ஆறிலக்க எண்களும் உண்டு. 549945 ஒன்று. மற்றது 631764, வேலூரின் எண்ணிலிருந்து 237 மட்டுமே குறைவு, ஆனாலும் நம் எண் அதில் போய்ச் சேரவில்லை.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் பூச்சியம். 001236ஐ 1236 என்று எழுதிக் கழித்தாலும் விடை சரிதான். ஆனால் ஏதாவது ஒரு படியில் பூச்சியத்தை இலக்கமாக எண்ணாமல் விட்டால் ஐந்திலக்க வரிசைக்குள் போய்விடுவீர்கள். ஒவ்வொரு விடையும் 9இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதை வைத்துப் படிதோறும் சரிபார்க்கலாம்.

பத்து இலக்கத்துக்குப் போகும்போது

ஆறு இலக்கம் கைவந்ததும் பலரும் அடுத்து எடுப்பது கைப்பேசி எண். பத்து இலக்கம் என்றால் எல்லை ஒரு லட்சம் வரை போகலாம். அதற்குள் 9592 பகா எண்கள். வரிசை வகுத்தல் கையால் ஆகாது. செய்யக்கூடியது: 1001 கழித்தல், 1000 வரையான பட்டியல், பிறகு சல்லடையோடு ஓர் ஐம்பது வர்க்க முயற்சி. அதற்கும் மசியாவிட்டால் கணினியிடம் கொடுங்கள். லினக்ஸில் ‘ஃபேக்டர் (factor)’ என்ற கட்டளைக்குப் பின் எண்ணைத் தட்டினால் கண நேரத்தில் பிரித்துத் தரும்.

பத்து இலக்கம் கையில் அகப்படாதது என்றும் எண்ண வேண்டாம். 1643இல் ஃபெர்மா தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட எண் 2027651281. வர்க்கமூலத்துக்கு மேலே 45030இல் தொடங்குங்கள்; பன்னிரண்டாவது எண்ணான 45041இல் மிச்சம் 1040400 = 1020². ஆகவே 44021 × 46061. இணையப் பரிமாற்றங்களைப் பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களை அருகருகே தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். எண் எத்தனை நூறு இலக்கமானாலும், காரணிகள் மிக அருகில் இருந்தால் இதே கழித்தல் பூட்டைத் திறந்துவிடும்.

பழகிப் பார்க்க ஆரணியின் 632301ஐ எடுங்கள். இலக்கக் கூட்டல் 15, எனவே 3 உண்டு, 9 இல்லை. 632 − 301 = 331; 7, 11, 13 மூன்றும் இல்லை. வர்க்க முறையில் பத்து முயற்சிக்குள் எதுவும் வராது. வரிசை வகுத்தலுக்குத் திரும்பினால் 17க்கு அடுத்த பகா எண்ணிலேயே திறந்துகொள்ளும். விடை 3 × 19 × 11093. கடைசி எண் பகா எண் என்பதை 103 வரை வகுத்து நீங்களே உறுதி செய்யுங்கள்; 47இலும் 59இலும் மீதி 1 வரும், அந்த இரண்டு இடங்களில் அவசரப்படாதீர்கள்.